செட்டிநாட்டுச் சாப்பாடு: கறியைக் குறைப்பதா, காயைக் கூட்டுவதா, இரண்டுமே கெட்டுவிட்டதா?

முகப்புத்திண்ணை (கானாடுகாத்தான்)

எங்கள் பழைய வீட்டில் இரண்டாம் கட்டைச் சீர்செய்து, ஊர் பார்க்க வருபவர்களுக்கு மதியச் சாப்பாடு மட்டும் போட்டு வருகிறோம். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால்தான் இலை. தொழில் பரவாயில்லை. ஆனால் என்ன சமைப்பது என்பதில்தான் இப்போது குழப்பம்.

வருகிறவர்களில் ஒரு பகுதியினர் "வீகன் உண்டா?" என்று போனிலேயே கேட்டுவிடுகிறார்கள். பால், தயிர், நெய், தேன் எதுவும் கூடாது. இன்னொரு பகுதியினருக்கு நாட்டுக்கோழி இல்லாவிட்டால் செட்டிநாடு வந்ததாகவே கணக்கில்லை. சாப்பிட்டு முடித்ததும் "சென்னையில் சாப்பிட்ட செட்டிநாடு சிக்கன் மாதிரி இல்லையே" என்பார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மூன்றாவது வகை நம் ஊர்க்காரர்கள். கை கழுவும்போது மெதுவாக, "கோழி கோழி மாதிரி இல்லப்பா, கத்தரிக்காயும் கத்தரிக்காய் மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதுதான் உறுத்துகிறது. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

போன வாரம் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, செடிப்புரதத்தில் செய்த "மட்டன் துண்டு" உறைபாக்கெட்டைக் காட்டினார். இது ஒன்றே இரண்டு தரப்புக்கும் போதும் என்கிறார். வாங்கலாமா? கறியையே எடுத்துவிடலாமா? சமையல் தெரிந்தவர்களும், சாப்பிடத் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

இலைமட்டும் (சென்னை, பூர்வீகம் தேவகோட்டை)

எடுத்துவிடுங்கள் அண்ணே, யோசிக்கவே வேண்டாம். உலகத்தில் மனிதன் வெளியேற்றும் பசுங்குடில் வாயுக்களில் கால்நடை வளர்ப்பின் பங்கு 14.5 விழுக்காடு என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013-இல் கணக்கிட்டது, பிறகு 2023-இல் திருத்தி ஏறக்குறைய 12 என்றது. திருத்திய கணக்கே பெரிய கணக்குதான். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் முதல் வகையில் சேர்த்துவிட்டது. ஆடு, மாட்டுக்கறி "உண்டாக்கக்கூடும்" என்ற அடுத்த வகையில் இருக்கிறது. இதற்கெல்லாம் மேலே, ஒரு உயிரைக் கொல்லாமல் வயிறு நிறையும் என்றால் ஏன் கொல்ல வேண்டும்? கேள்வி அவ்வளவுதான்.

கறிச்சோறு (காரைக்குடி)

வந்துட்டாரய்யா. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று 2014-இல் மத்திய அரசின் கணக்கெடுப்பே சொன்னது. மிச்சம் உள்ள இரண்டு மூன்று பேருக்காக அண்ணன் கடையை மூடணுமாம்.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி முகப்புத்திண்ணை, செட்டிநாடு என்றாலே கறி என்பது ஹோட்டல்காரர்கள் கட்டிவிட்ட கதை. எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கார்த்திகை, சஷ்டி எல்லாம் சைவம். கல்யாணச் சாப்பாடு சைவம். பழனிக்கு நடக்கிறவர் வீட்டில் இருந்தால் தைப்பூசம் முடியும் வரை சைவம். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் கறி எடுத்தது சில ஞாயிற்றுக்கிழமைகளில், அப்புறம் மாப்பிள்ளை வந்தால். அன்றைக்கும் இலையில் கறி ஒரு ஓரத்தில்தான் இருக்கும், மற்ற இடமெல்லாம் காய்.

காயை அப்படிச் சமைத்தோம். வெண்டைக்காய் மண்டி தெரியுமில்லையா? அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரை எடுத்து வைத்து, அதில் புளியைக் கரைக்க வேண்டும். முதல் தண்ணீரில் தூசி இருக்கும், மூன்றாவதில் ஒன்றும் இருக்காது. நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய் வதக்கி, வெண்டைக்காயை வழுவழுப்பு போகத் தனியாக வதக்கிச் சேர்த்து, அவித்த மொச்சையும் போட்டு, கரைத்த தண்ணீரை ஊற்றிச் சுண்ட விடுவோம். மறுநாள்தான் அதன் முழு ருசி வரும். இதில் பாலும் இல்லை, நெய்யும் இல்லை. கத்தரிக்காய் கோசமல்லியும் அப்படித்தான். சோம்பும் கசகசாவும் தேங்காயும் அரைத்துப் போட்ட பலாக்காய் பிரட்டலும் அப்படித்தான். வாழைப்பூவை ஆய்ந்து, கறிக்கோலாவுக்குப் போடும் அதே மசாலாவோடு பொட்டுக்கடலை சேர்த்து அரைத்து உருட்டிப் பொரித்தால் வாழைப்பூ கோலா. பாக்கெட் விற்க வந்தவருக்கு அதில் இரண்டு கொடுத்து அனுப்புங்கள்.

கறி எடுத்தாலும் வீணாக்கியதில்லை. கருப்பர் கோயிலில் கிடா வெட்டினால் ரத்தம் பொரியலுக்கு, குடல் குழம்புக்கு, நெஞ்செலும்பு பிள்ளை பெற்றவளுக்குச் சாறு வைக்க. சுவரொட்டியை (ஆட்டு மண்ணீரலை) வாட்டி, வயதுக்கு வந்த பிள்ளைக்குக் கொடுப்போம். மிஞ்சிய கறியை நீளநீளமாக வகிர்ந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசைந்து, கோணி ஊசியால் சணலில் கோத்து, வெயிலில் கட்டுவோம். காக்கைக்குப் பயந்து மேலே பழைய வேட்டியை விரிப்போம். விறகு மாதிரி காய்ந்ததும் ஜாடியில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், அதுதான் உப்புக்கண்டம். நாலே துண்டை இடித்துப் பொரித்தால் ஒரு வீடே ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும். இப்போது தினமும் கால் கிலோ சிக்கன் எடுக்கிறார்கள், ருசி இல்லை என்கிறார்கள்.

கொட்டகைக்காரன் (திருப்பத்தூர் பக்கம், சிவகங்கை மாவட்டம்)

பிராய்லர் கொட்டகை வைத்திருக்கிறேன். இங்கே எல்லாரும் பிராய்லரை ஏச வருவீர்கள் என்று தெரியும், அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஊசி போட்டு வளர்க்கிறோம், ஹார்மோன் கொடுக்கிறோம் என்பது வெறும் வாட்ஸ்அப் புரளி. ஆயிரக்கணக்கான குஞ்சுக்கு ஊசி போட யாருக்கு நேரம், யாருக்குக் காசு? தலைமுறை தலைமுறையாக வேகமாக வளர்வதையே பொறுக்கி இனம் சேர்த்ததால்தான் அது அப்படி வளர்கிறது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் தீனி. ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும்.

குஞ்சு, தீனி, மருந்து மூன்றும் கம்பெனி கொடுக்கும். கொட்டகை, தண்ணீர், கரண்டு, தென்னை நார்க்கழிவு, ராத்திரித் தூக்கம் எல்லாம் நம்முடையது. எடை போட்டு வளர்ப்புக் கூலி தருவார்கள். கடையில் கறி விலை ஏறினாலும் நம் கூலி ஏறாது. தீனி கொஞ்சம் கூடுதலாகத் தின்று எடை குறைவாக வந்தால் கூலியில் பிடிப்பார்கள். சித்திரை வெயிலில் மின்விசிறி நின்றுபோனால் ஒரே மத்தியானத்தில் பாதிக் கொட்டகை காலியாகிவிடும். தரம் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள் ஐயா. விலை குறைய வேண்டும் என்று கேட்பதும் நீங்கள்தான்.

ஆட்டு டாக்டர்

கால்நடை மருத்துவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொட்டகைக்காரர் ஹார்மோன் பற்றிச் சொன்னது முழு உண்மை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. நோய் வந்த பிறகு கொடுப்பது வேறு, வராமல் இருக்கவும் எடை கூடவும் தீனியில் கலந்தே கொடுப்பது வேறு. மனிதனுக்கு வேறு மருந்து எதுவும் கேட்காதபோது கடைசியாகக் கையில் எடுக்கும் கொலிஸ்டினையே கோழித்தீனியில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. தடை ஒன்று, அதைப் பின்பற்றுகிறார்களா என்று பார்ப்பது இன்னொன்று.

முகப்புத்திண்ணை தம்பிக்கு இன்னொரு விஷயம். உங்கள் ஊர்க்காரர்கள் "கோழி கோழி மாதிரி இல்லை" என்று சொன்னது வெறும் பழம்பெருமை என்று நினைக்காதீர்கள். நாட்டுக்கோழி என்ற பெயரில் சந்தையில் கிடைப்பது பல வகை. கிரிராஜா, வனராஜா மாதிரி அரசு நிறுவனங்கள் உருவாக்கிய கலப்பினம் உண்டு. அவை நல்ல கோழிகள்தான், பின்கட்டில் வளர்க்கவே உருவாக்கினார்கள். ஆனால் நம் பூர்வீக நாட்டுக்கோழி இனங்களான சிறுவிடை, பெருவிடை கிடையாது. இன்னொன்று, முட்டை விட்டு ஓய்ந்த பண்ணைக்கோழி. கறி கடுசாக இருக்கும், அதனால் தெரியாதவர்கள் நாட்டுக்கோழி என்றே நம்பிவிடுவார்கள்.

உயிரோடு வாங்குங்கள். காலைப் பாருங்கள், கூண்டில் நின்ற கோழிக்கு நகம் தேயாமல் நீண்டிருக்கும். அலகு நுனி வெட்டியிருந்தால் அது பண்ணையில் இருந்ததுதான். சிறகு பிடுங்கி, மஞ்சள் தடவித் தீயில் வாட்டும்போது தோல் சுருங்கி, அடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரிய வேண்டும். சிறுவிடை ஒன்றேகால் கிலோ வர ஆறு மாதம் வேண்டும். பிராய்லரோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு காலம் என்று பாருங்கள். அந்த ருசி விலையில்லாமல் வராது.

இலைமட்டும்

டாக்டர் ஐயா, நீங்கள் சொன்னதிலிருந்தே கேட்கிறேன். பிராய்லர் மருந்தில் வளர்கிறது. நாட்டுக்கோழி என்று விற்பது பாதி போலி. அசல் கோழி எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அப்புறம் ஏன் இந்தப் பிடிவாதம்? ஆச்சி எழுதிய மண்டியையும் கோலாவையும் படித்தால் நாவூறுகிறது. அதையே முழுச் சாப்பாடாக வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கறிச்சோறு

குறையும். ஞாயிற்றுக்கிழமை குறையும்.

கிடைக்காரன் மகன் (இளையான்குடி பக்கம்)

எங்கள் அப்பா செம்மறி மேய்ப்பவர். ராமநாதபுரம் வெள்ளை ஆடு. அறுவடை முடிந்த வயலில் கிடை போடக் கூப்பிடுவார்கள், ராத்திரி முழுக்க ஆடு அடைந்து கிடந்தால் அந்த வயலுக்கு வேறு உரம் வேண்டாம். அதற்குக் காசோ நெல்லோ கொடுப்பார்கள். ஆக, ஆடு கறிக்கு மட்டும் இல்லை. இலைமட்டும் அண்ணன் சாப்பிடும் நெல்லுக்கும் காய்க்கும் உரம் போட்டதும் அந்த ஆடுதான்.

நம் பக்கம் செம்மண், கண்மாய் நம்பிய பூமி. மழை பொய்த்தால் வரப்பில் புல்லும் வேலியில் தழையும்தான் மிச்சம். அதை மனுசன் தின்ன முடியாது, ஆடு தின்னும். உலகக் கணக்கில் கால்நடை என்று பொத்தாம்பொதுவாகப் போடும்போது, சோயா தின்னும் பண்ணை மாட்டையும் எங்கள் ஆட்டையும் ஒரே தராசில் வைக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. மேய்ச்சல் புறம்போக்கு பாதி சீமைக் கருவேலம், பாதி பிளாட். ஆடு அதன் நெற்றைத் தின்னும், ஆனால் அடியில் வேறு புல் முளைக்காது. 2011-இல் அரசு விலையில்லா ஆடு கொடுத்தார்கள், வீட்டுக்கு நாலு. மேய்க்க இடம் யாரும் கொடுக்கவில்லை. இப்போது தூரத்துச் சந்தையிலிருந்து லாரியில் வரும் ஆடு, தண்ணீர் இல்லாமல் நின்று களைத்து வந்த ஆடு, அதைத்தான் மறுநாள் காலையில் வெட்டுகிறார்கள். களைத்த ஆட்டுக் கறி ருசிக்காது, இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

சத்துக்கணக்கு (மதுரை)

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர். இரண்டு தரப்பும் வசதியான பாதியை மட்டும் சொல்கிறீர்கள்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டலில், நம் நாட்டில் ஒருவருக்குக் கிடைக்கும் ஆற்றலில் 50 முதல் 70 விழுக்காடு தானியத்திலிருந்தே வருகிறது என்கிறார்கள். பருப்பு, கறி, மீன் எல்லாம் சேர்ந்தும் 6 முதல் 9 விழுக்காடுதான். வர வேண்டியது 14. என்னிடம் வருகிறவர்களில் கறியைத் தின்று கெட்டவர்கள் குறைவு. மலையாகச் சோறு, மேலே கொஞ்சம் குழம்பு, ஒரு கரண்டி பொரியல், இப்படிச் சாப்பிட்டவர்கள்தான் அதிகம். 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வில் தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 விழுக்காடு, நாட்டுச் சராசரி 11.4.

ஊர்க்காரர்கள் சொல்லும் "காய் காய் மாதிரி இல்லை" என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் 43 தோட்டப்பயிர்களின் 1950, 1999 கணக்குகளை ஒப்பிட்டு 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. புரதம், சுண்ணாம்பு, இரும்பு, வைட்டமின் சி உட்பட ஆறு சத்துகள் குறைந்திருந்தன. நம் நாட்டிலேயே நெல் ரகங்களை ஆய்ந்தார்கள். 1960-களில் வெளியிட்ட ரகங்களில் கிலோவுக்கு 27.1 மில்லிகிராம் இருந்த துத்தநாகம், 2000-களின் ரகங்களில் 20.6. இரும்பு 59.8-இலிருந்து 43.1. விளைச்சலையே பார்த்துப் பொறுக்கினோம், மணி கூடியது, மணிக்குள் இருப்பது கூடவில்லை. கொட்டகைக்காரர் பிராய்லரைப் பற்றிச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான், கவனித்தீர்களா?

இலைமட்டும் தம்பிக்கு: பால்கூட இல்லாத உணவில் பி12 வராது. மாத்திரையோ, செறிவூட்டிய உணவோ கட்டாயம். ரத்தசோகை நம் பெண்களில் பாதிக்கு மேல், 2019-21 தேசியக் கணக்கெடுப்பில் 57 விழுக்காடு. கீரை, பயறில் உள்ள இரும்பு உடம்பில் குறைவாகத்தான் சேரும். கூட எலுமிச்சையோ நெல்லியோ இருந்தால் நன்றாகச் சேரும், சாப்பிட்டவுடன் டீ குடித்தால் சேராது. ஆச்சி சொன்ன சுவரொட்டி சும்மா நம்பிக்கை இல்லை, அதில் இரும்பு நிறைய.

கறிச்சோறு தம்பிக்கு: பதப்படுத்திய இறைச்சி நாளொன்றுக்கு 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும் என்பதுதான் அந்த 2015 அறிக்கை. சாசேஜ், சலாமி, ஹாம் அந்த வகை. ஆச்சியே, கோபித்துக்கொள்ளாதீர்கள், உப்புக்கண்டமும் உப்பிட்டுக் காயவைத்ததுதான். வருடத்தில் நாலு முறை தொட்டுக்கொள்வதற்குப் பயப்பட வேண்டாம், தினமும் வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சி

தினமும் தின்ன யார் வீட்டில் கிடா இருக்கிறது அம்மா.

கொப்பரை மாஸ்டர்

முப்பது வருடத்துக்கு மேல் சமையல். கல்யாண வேலையும் பார்த்திருக்கிறேன், ஹைவே ஹோட்டலிலும் நின்றிருக்கிறேன். "சென்னையில் சாப்பிட்ட மாதிரி இல்லை" என்று வருகிறவர்கள் சொல்வதற்குக் காரணம் சொல்லவா? அங்கே காலையிலேயே ஒரே கிரேவி. வெங்காயம், தக்காளி, முந்திரி அரைத்து ஒரு கொப்பரை. கேட்பதற்கு ஏற்ப அதில் சிக்கன், காடை, பனீர், காளான். மேலே மிளகுத்தூளும் கறிவேப்பிலையும் தூவினால் செட்டிநாடு, கிரீம் ஊற்றினால் வேறு பெயர். நிறத்துக்குப் பொடி. கல்பாசி, மராத்தி மொக்கு எல்லாம் அளவுக்கு மேல் போட்டு வாசனையைத் தூக்குவார்கள், கறியின் குறை தெரியாமல் இருக்க.

வீட்டுச் சமையலில் மசாலா கறியைத் தாங்கும், மூடாது. ராமநாதபுரம் குண்டு மிளகாயை, அதற்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது, எண்ணெயில் கிள்ளிப் போட்டு உப்புக்கறி செய்தால் வேறு ஒன்றும் வேண்டாம். மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், அவ்வளவுதான். அப்படிச் செய்யக் கறி நன்றாக இருக்க வேண்டும், அங்கேதான் உதைக்கிறது.

எண்ணெயையும் பேசுங்கள். செக்குக் கடலை எண்ணெயில் வதக்கிய வெங்காயமும், பாமாயிலில் வதக்கியதும் ஒன்றாகாது. 2007-இலிருந்து ரேஷனில் பாமாயில் மலிவாகக் கிடைத்ததில் ஏழை வீட்டில் தாளிக்க வழி கிடைத்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிற ஹோட்டலும் அதையே, அதுவும் மூன்று நாள் காய்ச்சியதையே ஊற்றுகிறது.

பாக்கெட் மட்டனைப் பற்றி: ஒரு இடத்தில் சமைத்துப் பார்த்தேன். சோயாப் புரதம், பட்டாணிப் புரதம், தேங்காய் எண்ணெய், பிடித்து வைக்க ஏதோ செல்லுலோஸ், வாசனை. குழம்பில் கொதித்தால் வெளியே ஊறுகிறது, உள்ளே ஊறவில்லை. மீல்மேக்கர் எவ்வளவோ தேவலை, நூறு கிராமில் ஐம்பது கிராமுக்கு மேல் புரதம் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறான், விலையும் குறைவு. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்து, மசாலாவில் விடுங்கள்.

ஈப்போ சொக்கன்

இங்கே மலேசியாவில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செட்டிநாடு என்றால் கவுனி என்னும் கறுப்பரிசியும் கந்தரப்பமும்தான். பர்மாவிலிருந்து வந்ததாக ஐயா சொல்லும் அந்தக் கவுனியை இப்போது காரைக்குடியிலேயே "சூப்பர்ஃபுட்" என்று அட்டை ஒட்டி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வீகன் விருந்தாளிக்கு அந்தக் கவுனியில் நெய்யைத் தவிர்த்துத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள் அண்ணே, குறை தெரியாது.

கண்மாய்க்கரை

நெடுநேரம் படித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பேர் பேசியும் கறி என்றால் ஆடும் கோழியும் மட்டும்தானா? மாட்டுக்கறி, பன்றிக்கறி சாப்பிடுவதாக ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எங்கள் தெருவில் அதுதான் கறி, ஏனென்றால் அதுதான் வாங்க முடிந்தது.

ஆச்சி, கிடா வெட்டில் ஒன்றும் வீணாகவில்லை என்று எழுதினீர்கள். உண்மைதான். தலையும் குடலும் யாருக்கு வந்தது, சதைக்கறி யார் வீட்டுக்குப் போனது என்று எங்கள் பாட்டியைக் கேட்டால் சொல்வார். அளவோடு உண்டது உங்கள் வீட்டில் வழக்கம், எங்கள் வீட்டில் வேறு வழியில்லாததால். பிராய்லர் வந்த பிறகுதான் எங்கள் தெருவில் வாரம் ஒரு நாள் கறி வாசம் வந்தது, வேண்டிய துண்டை நாங்களே கேட்டு வாங்கினோம். அதைத் தரம் கெட்டது என்று ஒரே வரியில் தள்ளினால் எனக்குக் கோபம் வரும்.

இலைமட்டும் நண்பருக்கும் ஒன்று. 2003-இல் கோயில்களில் ஆடு கோழி பலியிடக்கூடாது என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் போட்டார்கள், நினைவிருக்கிறதா? பெரிய கோயிலில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முனியையா, கருப்பர், காளி கோயில்களில்தான் போலீஸ் நின்றது. 2004-இல் சட்டத்தையே நீக்கினார்கள். சைவம் நல்லது என்று நீங்கள் உங்கள் இலையில் காட்டுங்கள், சட்டமாகக் கொண்டுவராதீர்கள்.

தரம் கெட்டதற்குக் கண்மாய் மீனைச் சொல்லலாம். கோடையில் தண்ணீர் வற்றியதும் வெள்ளைத் துணி வீசி, ஊரே ஊத்தாவோடு (மீன் பிடிக்கும் கூடையோடு) இறங்கும். விரால், கெளுத்தி, அயிரை, குரவை, யாருக்கு எது மாட்டுகிறதோ அது அவர் வீட்டுக்கு. சாதி பார்க்காத கறி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இப்போது இறங்கினால் பாதி ஜிலேபிக் கெண்டை. தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் சில இடத்தில் புகுந்துவிட்டது, மற்ற மீன் குஞ்சையெல்லாம் தின்றுவிடும்.

கறிச்சோறு

அண்ணே, அப்ப நீங்க பிராய்லர் கட்சியா, நாட்டுக்கோழி கட்சியா?

கண்மாய்க்கரை

அயிரைக் கட்சி.

இழைக்காவல்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சாதியைப் பற்றிப் பேசலாம், பேச வேண்டும். சாதியைச் சொல்லி ஆளைத் திட்டினால் கணக்கு முடக்கப்படும்.

பள்ளத்தூர் ஆச்சி

கண்மாய்க்கரைத் தம்பி சொன்னது சரி. பங்கு வைக்கும்போது அப்படித்தான் நடந்தது, நானே தட்டில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த வயதில் அதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

கொட்டகைக்காரன்

கண்மாய்க்கரை அண்ணனுக்கு நன்றி. எங்கள் தொழிலுக்கு இப்படி ஒருவர் பேசி இப்போதுதான் பார்க்கிறேன். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், எங்கள் வீட்டுக்கு நானும் பின்னால் நாலு சிறுவிடை தனியாக விட்டிருக்கிறேன். குப்பையைக் கிளறி, கரையானைத் தின்று வளர்கிறது. கீரிப்பிள்ளைதான் தொல்லை.

இலைமட்டும்

சட்டம் வேண்டும் என்று நான் எங்கும் சொல்லவில்லை, கண்மாய்க்கரை. ஆனால் கறி மலிந்ததை மட்டும் சமத்துவம் என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. அந்த மலிவுக்கான விலையைக் கொட்டகைக்காரரும் கோழியும் கொடுக்கிறார்கள் என்று இதே இழையில்தான் படித்தோம். மலிவாகக் கிடைக்க வேண்டியது நல்ல பருப்பும் காயும். துவரம்பருப்பை ரேஷனில் முப்பது ரூபாய்க்குக் கொடுக்கும் மாநிலத்தில் இது நடக்காத காரியம் இல்லை. சாப்பாட்டு விஷயத்தில் நான் தனியாக நிற்கிறேன் என்று தெரியும். பரவாயில்லை.

சத்துக்கணக்கு

தனியாக இல்லை. சத்துணவில் முட்டை போடும் மாநிலம் இது, அந்த முட்டையோடு கொண்டைக்கடலை, பாசிப்பயறும் வாரத்தில் வருகிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் கட்சி கிடையாது, இரண்டையும் தின்றுவிட்டு ஓடிவிடும்.

முகப்புத்திண்ணை

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசிப் பார்த்து இப்படி முடிவு செய்திருக்கிறோம்.

பாக்கெட் மட்டன் வேண்டாம். புதன், ஞாயிறு மட்டும் கறி, மற்ற நாள் சைவம். கறி நாளிலும் இலையில் ஒரே கறிதான், இரண்டு மூன்று வகை கிடையாது. அன்றைக்குக் கிடைப்பது எதுவோ அது. நல்ல கோழி கிடைத்தால் கோழி, கிடைக்காவிட்டால் ஆடு, இரண்டும் இல்லாவிட்டால் "இன்று கறி இல்லை" என்று பலகையில் எழுதிவிடுகிறோம். விலையைக் கூட்டத்தான் வேண்டியிருக்கிறது. சைவ நாளில் மண்டி, கோசமல்லி, வாழைப்பூ கோலா, பலா சீசனில் பலாக்காய் பிரட்டல். கடலை எண்ணெயைச் செக்கில் நேரே ஆட்டி வாங்குகிறோம். கண்மாய்க்கரை, உங்கள் ஊர்க் கண்மாயில் மீன் பிடிக்க இறங்கும்போது ஒரு போன் போடுங்கள், அயிரை கிடைத்தால் அன்றைக்கு எல்லாச் சட்டத்தையும் மாற்றிவிடலாம்.

டாக்டர் ஐயா, சிறுவிடையை நானே வளர்க்கலாம் என்று ஓர் எண்ணம். பின்கட்டுக்குப் பின்னால் மண்தரை இருக்கிறது. தாய்க்கோழி எங்கே வாங்குவது?

ஆட்டு டாக்டர்

முதலில் செட்டிநாட்டில் உள்ள அரசு மாவட்டக் கால்நடைப் பண்ணையில் போய் என்ன இனம் இருக்கிறது என்று விசாரியுங்கள். இல்லாவிட்டால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், வளர்க்கிறவர்கள் யார் என்று சொல்வார்கள். கிராமத்தில் வாங்குவதானால் ஒரே வீட்டில் சேவலும் பெட்டையும் எடுக்காதீர்கள், இரண்டு ஊரில் எடுங்கள். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தை முதல் வாரத்திலேயே சொட்டு மருந்தாகப் போட வேண்டும், அப்புறம் திரும்பவும். இதை மறந்தால் ஒரே வாரத்தில் கூடை காலி.

இலைமட்டும்

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன் அண்ணே, சைவ நாளில் வருகிறேன். ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன், கறிக்கோலா பொரித்த எண்ணெயில் வெள்ளைப் பணியாரம் சுடுவதில்லையே? நிறைய இடத்தில் இதைச் சொல்வதே இல்லை.

முகப்புத்திண்ணை

கறிச்சட்டி தனி, அடுப்பும் வெளியில். எங்கள் அப்பத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். எண்ணெயும் தனியாக வைக்கச் சொல்லிவிடுகிறேன். நெய் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், பருப்பில் ஊற்றிவிடுவார்கள்.